மண் எங்கிருந்து வந்தது? கயத்தாறு பக்கம் ஒரு மலையடிக் கண்மாய்

மலையடி ஏரிகளுக்குள் வருடத்துக்கு எவ்வளவு மண் அடித்துக்கொண்டு வருகிறது என்று கணக்கிட்டுச் சொல்வது என் மனைவி செல்வியின் வேலை. ஊட்டி, கொடைக்கானல் என்று ஆசையாய் அவள் பின்னால் போய், படகில்கூட ஏறாமல் சேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். இந்தப் புரட்டாசியில் கயத்தாறு பக்கம் ஒரு கண்மாய் என்றாள். இந்த வெயிலில் கரிசல் பக்கம் எவனாவது சுற்றுலா போவானா என்று எகிறினேன். கடைசியில் அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனதும் நான்தான்.

கோவில்பட்டியில் காலை ஆறரைக்குத் திருநெல்வேலி பஸ். இடைசெவல் தாண்டிக் கயத்தாறு போய்ச் சேர முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஆட்டோவில் பதினோரு கிலோமீட்டர், முந்நூறு ரூபாய். (ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.) "மலையப் பாக்கவா வருதீங்க? அங்கன கல்லும் ஆடுந்தான கெடக்கு!" என்று சிரித்தார் ஆட்டோக்காரர்.

கண்மாய் வறண்டு கிடந்தது. பாசனச் சங்கத் தலைவர் பெருமாள்சாமி அண்ணாச்சி கரையில் காத்திருந்தார். செல்வியை வரவழைத்ததே அவர்தான். கண்மாய் தூர்ந்துகொண்டே போகிறது, மலையில் ஆடுகள் புல்லைக் கரண்டுவதால்தான் மண் இறங்குகிறது என்பது அவர் கட்சி. "இன்னைக்குச் சாயங்காலம் ஊர்க்கூட்டம். நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா, ஆடு மலையேறக் கூடாதுன்னு தீர்மானம் போட்டுருவோம்," என்றார்.

சற்றுத் தள்ளி ஆடுகளோடு நின்ற முத்துமாரி என்ற பெண் அதைக் கேட்டுவிட்டார். "மலைய விட்டா எனக்கு மேய்ச்சலு ஏது அண்ணாச்சி? அம்புட்டையும் வித்துட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குத்தான் போணும்," என்றார். வந்ததும் வராததுமாக எனக்கு மனசு கனத்துப்போனது.

முதலில் மலை. போன வருடம் தனியாக வந்தபோதே சரிவில் செல்வி இரும்புக் கம்பிகளை அடித்து வைத்திருந்தாள். மண் கரைந்தால் கம்பி கூடுதலாக வெளியே தெரியும். நாற்பது நிமிட ஏற்றம், நான் புலம்பிக்கொண்டே ஏறினேன். கம்பிகள் கிட்டத்தட்ட அடித்தபடியே நின்றன. உச்சியில் திரும்பிப் பார்த்தேன். அம்மாடி! புலம்பல் நின்றுவிட்டது. கண்ணுக்கு எட்டிய வரை கன்னங்கரேல் என்று பூமி, அதன்மேல் அவ்வளவு பெரிய வானம். கீழே புஞ்சைகளில் தலையைச் சீப்பால் வாரியதுபோல் உழவுச் சால்கள். எல்லாமே மலையடியில் தொடங்கி நேராகக் கண்மாய்க்குள் இறங்கின. செல்வி அவற்றையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் கண்மாய்க்குள் குழி தோண்டினோம். அண்ணாச்சியே மண்வெட்டியோடு இறங்கினார். மார்பளவு ஆழத்தில், முன்பு தூர்வாரிய பழைய தரை கெட்டியாகத் தட்டியது. நானும் இறங்கிப் பார்த்தேன். குழிச் சுவரில் ஒவ்வொரு மழைக்காலமும் ஒரு படிவு. மெல்லிய மணல் கோடு, அதன்மேல் மைபோல வண்டல், மறுபடி மணல் கோடு. எத்தனை மழை! எனக்கு மெய்சிலிர்த்தது. கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

"மலையில இருக்கது செவப்புச் சரளை, அண்ணாச்சி. இங்கன அது ஒரு வெரக்கடைகூட இல்ல. மிச்சம் பூராவும் கரிசல்," என்றாள் செல்வி.

"அப்பம் இது...?"

"உங்க புஞ்சை மண்ணு. மலையில இருந்து தண்ணி மட்டுந்தான் வருது. சாலு நேரா இறங்குததால அது உங்க மண்ண அள்ளிட்டு வந்துருது. சரிவுக்குக் குறுக்க உழணும்."

"குறுக்க உழுதா டிராக்டர அடிக்கடி திருப்பணும்லா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். "பருத்தி ஏன் சவலையா நிக்குன்னு உரமா வாங்கிக் கொட்டுனேன். புஞ்சையே இங்கனல்லா வந்து கெடக்கு!"

இன்னும் நாலு இடத்தில் தோண்டி, ஆழத்தைப் பரப்பால் பெருக்கினாள் செல்வி. அத்தனையையும் லாரியில் ஏற்றி வரிசையாக நிறுத்தினால் கயத்தாறிலிருந்து கோவில்பட்டியைத் தாண்டிப் போகும் என்றாள். சத்தமே இல்லாமல் ஒரு நிலம் இப்படி இடம் மாறியிருக்கிறது என்று நினைக்க நினைக்க எனக்குப் பிரமிப்பு அடங்கவில்லை.

கூட்டம் ஐந்து மணிக்கு. அதற்குள், போக நினைப்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் போங்கள். நனைந்த கரிசல் செருப்போடு காலையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும், மலையில் நிழல் கிடையாது. சாப்பாட்டைக் கயத்தாறிலேயே கட்டிக்கொள்ளுங்கள். திரும்புவதற்கும் அதே ஆட்டோவைப் பேசி வைப்பது நல்லது. எந்த ஏரிக்குப் போனாலும் தண்ணீரைப் பார்த்தபின் கொஞ்சம் திரும்பி, அதைச் சுற்றியுள்ள சரிவையும் பாருங்கள்.

கூட்டத்தில் முத்துமாரி ஓரமாக, தலையைக் குனிந்தபடி நின்றார். பெருமாள்சாமி அண்ணாச்சி எழுந்தார். செல்வியைப் பேச விடவில்லை.

"ஆடு மலையிலயே மேயட்டும். கட்டிப் போட வேண்டியது என் டிராக்டரத்தான்," என்றார்.

ஊரே சிரித்தது. முத்துமாரி மட்டும் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.