தார்ப்பாய் கட்டிய குழாய்கள்

தேங்காய்ப்பட்டணத்து ஐஸ் பேக்டரியில் துருப்பிடித்த குழாய்களை மாற்ற அளவெடுப்பதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். லேசர் ஸ்கேனரைச் சுழலவிட்டு, ஆலையை அப்படியே கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாதிரியாக்குவது என் வேலை. கருவியோடு போய் இறங்கினால், மேனேஜர் கல்யாண வீடு மாதிரி சுவருக்கெல்லாம் வெள்ளையடித்து, அந்தக் குழாய்களை மட்டும் நீலத் தார்ப்பாயால் மூடிக் கட்டி வைத்திருக்கிறார்.

"அவுத்துருங்க சார். லேசர் தார்ப்பாயைத் தாண்டிப் போகாது" என்றேன்.

"வெளியாளுவ பாத்தா நாணக்கேடுல்லா?" என்றார்.

இந்த ஆளோடு வாதாடுவதே எனக்குக் கேவலமாக இருந்தது. அப்படியே ஸ்கேன் செய்து, திரையில் காட்டினேன். ஆலையின் நடுவே தார்ப்பாய் மட்டும் மடிப்புக் குலையாமல், கயிற்று முடிச்சோடு நின்றது.

மனிதர் பூரித்துப்போனார். "துரு ஒரு பொட்டுகூட விழல, பாத்தியளா!"