மதியம் பூட்டும் பால்வாடி

பால்வாடியை விட்டு நடந்துகொண்டிருந்தேன். மகள் தோளில் இருந்தாள். அவளுக்கு நாலு வயது நடந்தது. மாட்டுத்தாவணிப் பக்கம் வெயில் ஏறியிருந்தது, நான் வேலைக்குப் போக வேண்டிய நேரம் தாண்டிவிட்டது.

அவள் அம்மா காமாலையில் போன பிறகு, பகலில் பிள்ளையை விட எனக்கு இருந்த ஒரே இடம் அந்த அரசாங்கப் பால்வாடிதான். சோறு போடுவார்கள், சில நாள் முட்டை உண்டு. சாப்பிட்டதும் பாயில் தூங்க வைப்பார்கள். அந்தத் தைரியத்தில் தல்லாகுளத்தில் ஒரு கட்டடத்தில் கலவை சுமந்தேன். ஓர் ஊரில் அவ்வளவு காலம் நான் தங்கியதே கிடையாது.

பிறகு ஆயா ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. டீச்சரை இன்னொரு பால்வாடியையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள். மதியச் சோறு முடிந்ததும் இதைப் பூட்டிவிட்டு அங்கே போக பஸ் ஏறுவார். மற்றப் பிள்ளைகளுக்கு வீட்டில் யாராவது இருந்தார்கள். நான் மேஸ்திரியிடம் கெஞ்சிவிட்டு ஓடி வருவேன், மகளைத் தூக்கிப் போய் மணல் ஓரம் உட்கார வைப்பேன். முந்தின நாள் தளம் போட்டார்கள். தளம் போடும்போது கலவைச் சட்டி கைமாறிக்கொண்டே இருக்க வேண்டும், ஒருவன் விலகினால் வரிசையே நின்றுவிடும். நான் பால்வாடிக்குப் போனபோது பொழுது சாய்ந்திருந்தது.

"இவள மடியில வச்சுக்கிட்டு உக்காந்தே இருந்தேன்ணே. அந்தப் பால்வாடிக்குப் போகல. அங்க பிள்ளைக வெளிய நின்னுச்சுக. மேல இருந்து நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்" என்றார் டீச்சர் காலையில்.

"தளம் டீச்சர். பாதியில எறங்க முடியாது."

"எனக்குப் புரியுது. அவங்களுக்குப் புரியணுமே. பூட்டுற நேரத்துக்கு ஆள் வந்தா விட்டுட்டுப் போங்க. இல்லன்னா வேணாம்ணே."

அவர் கண் கலங்கியிருந்தது. திட்டக்கூட எனக்கு ஆள் இல்லை.

"அப்பா, இன்னைக்கு முட்டை நாளு" என்றாள் மகள் தோளிலிருந்து. அவள் கிழமைகளை அப்படித்தான் வைத்திருந்தாள்.

கட்டடத்துக்குப் போனால், என் சட்டியை வேறொருவன் சுமந்துகொண்டிருந்தான். அலங்காநல்லூர் பஸ் ஏறினேன். அங்கே எனக்குத் தெரிந்த ஒருவர் ஆட்டுக்கிடை போடுகிறவர். எருவுக்காக ராத்திரி ஆடுகளை ஒருத்தர் வயலில் அடைத்துவிட்டு, சில நாளில் அடுத்த ஊருக்கு நகர்ந்துவிடுவார். கூட மேய்க்க ஆள் வேண்டுமா என்று அவரிடம் கேட்டேன்.

"வா மாப்ள. பிள்ளையும் வரட்டும். அம்புட்டுக் குட்டியோட இதுவும் ஒரு குட்டி."

"பால்வாடிக்குப் போய்க்கிட்டு இருந்துச்சுண்ணே. பாட்டெல்லாம் சொல்லும்."

"ஆடு கேக்கும், சொல்லச் சொல்லு. நீ எம்புட்டு படிச்ச?"

"ஆறாப்பு."

"ஆறாப்பு படிச்சு எந்த ஆபீஸ்ல ஒக்காந்திருக்க?"

சிரித்தேன். நகர்ந்துகொண்டே இருக்கிற பிள்ளையை எந்தப் பால்வாடியில் சேர்ப்பது என்று அவரிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது?

மறுநாள் விடிந்ததும் கம்பை வாங்கிக்கொண்டு மந்தைக்குப் பின்னால் நடந்தேன். மகளை அவர் சைக்கிளில் கஞ்சித் தூக்கோடு ஏற்றியிருந்தார்.