நான்காம் தசமத்தில் ஒரு தகராறு

ஐம்பது மில்லி ஆல்கஹாலையும் ஐம்பது மில்லி தண்ணீரையும் கலந்தால் நூறு மில்லி வராது, கொஞ்சம் குறையும். அந்தக் குறைச்சல் எவ்வளவு, ஏன் என்று பார்ப்பதைத்தான் ஆராய்ச்சி என்ற பெயரில் இருபத்தைந்து வருடம் செய்தேன். திரவங்களைக் கலப்பது, வெப்பநிலையைப் பிடித்து நிறுத்துவது, அடர்த்தியை அளப்பது. "இதுக்கா சார் சம்பளம் தர்றாய்ங்க?" என்று நாகல் நகரில் என் பக்கத்து வீட்டுக்காரர் வாய்விட்டே கேட்டார். அவரைக் கோபித்து என்ன செய்ய, என் மனைவிக்கும் அதே சந்தேகம்தான்.

ஆனால் கல்லூரிக்குள் போனால் எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவர், முனைவர் பட்டத்துக்காக என்னிடம் சேர்ந்த ஒரு பெண். ஒட்டன்சத்திரம் பக்கம், தக்காளியும் வெங்காயமும் போடுகிற குடும்பம். பள்ளி ஆசிரியை வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். பட்டம் வாங்கினால்தான் கல்லூரி வேலைக்கு விண்ணப்பிக்கலாம். மூன்றே வருடம் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்.

மூன்று ஐந்தாயிற்று. காரணம் நான்காம் தசமம். நான் முன்பு அளந்து வெளியிட்ட திரவங்களை அவர் அளந்தால், அடர்த்தியில் புள்ளிக்குப் பின் நான்காவது இலக்கம் ஒவ்வொரு முறையும் என்னுடையதைவிடக் குறைந்தே வந்தது. என் எண்ணோடு ஒத்துவரும்வரை ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். எங்கள் துறையில் இது அநியாயமும் இல்லை. தெரிந்த எண்ணைத் திரும்பக் கொண்டுவர முடியாதவரின் புது எண்ணை யார் நம்புவார்கள்? வெளிநாட்டுக்காரர்கள் எண்ணும் என்னுடையதோடு ஒத்துவரவில்லைதான். அவர்கள் வாங்கிய திரவங்களில்தான் கோளாறு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"கை நடுங்குதாம்மா? குப்பியச் சரியாத் துடைக்கிறியா?" என்பேன். அவர் கழுவி, காயவைத்து, மறுபடி அளப்பார்.

அளக்கத் தொடங்குமுன் வெப்பமானியை நொறுக்கிய ஐஸில் வைத்து, அது பூஜ்யம் காட்டுகிறதா என்று சரிபார்ப்பது எங்கள் வழக்கம். நான் பேகம்பூர் வழியாக ஸ்கூட்டரில் வருகிறவன். வழியில் ஒரு கடையில் ஐஸ்கட்டி வாங்கி, சாக்கில் சுற்றிக் கொண்டுவருவேன். அவர் பஸ்ஸில் வருகிறவர், ஐஸ் சுமக்க முடியாது. காய்ச்சி வடித்த தண்ணீரை லேப் ஃபிரிட்ஜில் உறையவைத்து எடுத்துக்கொள்வார். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏனுங்க சார், ஒருவேளை ஐஸா இருக்குமுங்களா?"

"ஐஸ் எந்த ஊர்ல உருகினாலும் பூஜ்யம்தாம்மா" என்று சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவர் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அதன் பிறகு இரண்டு வருடம் ஓடியது. ஒரு ரம்ஜான் அன்று, விடுமுறையிலும் லேபுக்குக் கிளம்பினேன்; ஐஸ் கடை பூட்டியிருந்தது. வேறு வழியில்லாமல் அவருடைய ஃபிரிட்ஜ் ஐஸை எடுத்தேன். முந்தின வாரம் காட்டியதைவிட, ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு ஏறி நின்றது வெப்பமானி. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். மறுநாள் கடை ஐஸில் வைத்தால் பழையபடி இறங்கிவிட்டது. அந்த ஐஸில் ஒரு துண்டை டம்ளரில் உருகவிட்டு, லேபில் செய்யவே கூடாததைச் செய்தேன்: வாயில் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

சாயங்காலம் கடைக்குப் போய், "பாய், எந்தத் தண்ணியில ஐஸ் போடுறீங்க?" என்று கேட்டேன்.

"எப்பவும் போர் தண்ணிதான் சார். மீனுக்குத்தானே வாங்குறாங்க?"

உப்புத் தண்ணீர் ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழேயே உருகும். இது பள்ளிக்கூடப் பாடம். எங்கள் ஊர் போர் தண்ணீர் வீட்டுக் குக்கரில் வெள்ளை வெள்ளையாகப் படிவதைத் தினமும் பார்த்துவிட்டுத்தான் நான் வேலைக்குக் கிளம்பியிருக்கிறேன்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் பூஜ்யமே கீழே இருந்ததால், குறித்ததைவிடக் கொஞ்சம் குளிர்ந்த திரவத்தைத்தான் நான் எப்போதும் அளந்திருக்கிறேன்; குளிர்ந்தால் அடர்த்தி கூடும். அவருடைய எண்கள்தான் சரி, ஒன்றுவிடாமல். என் கட்டுரைகள் வந்த இதழ்களுக்கெல்லாம் திருத்தம் எழுதி அனுப்பினேன். வெட்கமாக இருந்தது, எழுதி முடித்ததும் நிம்மதியாகவும் இருந்தது. பிறகு அவரைக் கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லி, ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"அன்னைக்கே நீ சொன்னம்மா. நான்தான் கேக்கலை."

சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையெழுத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் ஏட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்த ரெண்டு வருசமா என் கைமேல எனக்கே நம்பிக்கை போயிருச்சுங்க சார். வீட்ல குழம்புக்கு உப்புப் போட்டாக்கூட, எங்க வீட்டுக்காரரக் கூப்புட்டு, சரியா இருக்குதான்னு கேட்டுட்டுத்தான் எறக்குறேனுங்க."

மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்க சார்" என்று எழுந்து போனார். அதற்குப் பிறகு அன்றைக்கு எதையும் அளக்க எனக்குக் கை வரவில்லை.