ஐடிலிங்கில் நிற்காத கார்

பக்கத்து வீட்டுக்காரரை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. எல்லாம் என் காரால் வந்தது என்று லயத்தில் சொல்வார்கள். கார் வருவதற்கு முன்பே அவர் வீட்டுக் கோழிகள் என் மனைவி போட்ட கீரைப் பாத்தியைக் கிளறிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் சண்டை வாய்விட்டு வெளியே வந்தது காரால்தான், அதை மறுக்க முடியாது.

எங்கள் லயம் தேயிலைச் சரிவில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த எஸ்டேட் வீடுகள். மனைவி கொழுந்து கிள்ளப் போகிறாள். வீடு அவள் பேரில். நான் பழைய பெட்ரோல் கார் ஒன்றில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகிறேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு எஸ்டேட் ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட், தேயிலை காயவைக்கும் அடுப்புப் பக்கம். அவர் வந்து கண்ணசரும் நேரமும் நான் வண்டியைக் கிளப்பும் நேரமும் ஒன்று. வண்டி நிறுத்த அவருடைய ஜன்னலுக்குக் கீழே இருக்கும் துண்டு இடத்தைத் தவிர வேறு இடமும் இல்லை.

போன குளிர்காலத்தில் வண்டி மக்கர் செய்தது. சாவி போட்டால் இன்ஜின் பிடிக்கும். பிடித்ததும் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கும். மீட்டர் முள் இறங்கி இறங்கி, கடைசியில் ஒரு குலுக்கலோடு அணைந்துவிடும். அணையாமல் இருக்க ஆக்சிலேட்டரை மிதித்து உறும விட வேண்டும். சூடேறிவிட்டால் எந்தத் தொல்லையும் கிடையாது, நாள் முழுக்கச் சமர்த்தாக ஓடும். மறுநாள் விடிந்தால் பழையபடி நடுக்கம்.

முதலில் அவர் உள்ளிருந்து ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார். பிறகு என் வண்டிக்குப் பின்னால் பைக்கைக் குறுக்கே நிறுத்திவிட்டுத் தூங்கினார். நான் அந்த பைக்கைத் தூக்கி வாய்க்கால் ஓரமாக வைத்தேன். அவர் எழுந்து பார்த்தபோது அது வாய்க்காலுக்குள் கிடந்தது. தானாகச் சரிந்ததா, நான் சாய்த்தேனா என்று கேட்டார். அவர் ஆபீசில் போய்ப் புகை வீட்டுக்குள் வருகிறது என்று சொல்ல, சூப்பர்வைசர் வந்து இரண்டு பேரையும் அனுசரித்துப் போகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவர் எனக்கு முதுகைக் காட்டித் தூணைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் வேறு யாரையோ தேடித் திரும்பிக்கொண்டேன்.

டவுனில் இருக்கும் மெக்கானிக்கோ இன்னொரு எதிரி. மலையிறங்கி அவனிடம் போய்ச் சேர்வதற்குள் வண்டி சூடாகிவிடும். அவன் பானட்டைத் திறந்து பார்ப்பான், இன்ஜின் மெத்தென்று ஓடிக்கொண்டிருக்கும். ஆனாலும் பிளக் மாற்றினான். ஏர் ஃபில்டர் மாற்றினான். காற்று போகும் வாயைக் கழற்றிக் கரியைத் துடைத்தான். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று பம்ப்காரனைத் திட்டினான். காலையில் வண்டி மறுபடியும் நடுங்கியது. கடைசியாகப் போனபோது கையைத் துடைத்துக்கொண்டே, "அண்ணே, வண்டிக்கு ஒரு குழப்பமும் இல்ல. உங்களுக்குத்தான் சம்சயம்" என்று மலையாளம் கலந்து சொன்னான். ஒரு நாள் விடிகாலையில் மேலே வந்து பார் என்று சொன்னேன். அந்தக் குளிரில் யார் வருவார் என்று சிரித்தான். நான் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

கிறிஸ்மஸ் கூட்டம் இருந்த சமயம். ஒரு காலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. ஹோட்டலில் ஒரு குடும்பம் எனக்காகக் காத்திருந்தது. வண்டி பிடிப்பதும் அணைவதுமாக இருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு மிதித்துக்கொண்டே இருந்தேன். குரங்குக் குல்லாவும் போர்வையுமாக அவர் வெளியே வந்து என் கதவைத் திறந்தார்.

"வே, உமக்கு அறிவிருக்கா? ராத்திரி பூரா சூட்டுல வெந்துட்டு வாறேன்."

வேண்டுமென்றா செய்கிறேன், மிதிக்காவிட்டால் வண்டி அணைந்துவிடுகிறது என்றேன்.

"உறுமுறதக்கூடப் பொறுத்துக்கிடலாம். உறுமல நிப்பாட்டுனா ஒரு விசில் அடிக்குல்லா, அது மண்டைக்குள்ள போவுது."

"என்ன விசில்?"

நான் கேலி செய்வதாக அவர் நினைத்துவிட்டார். "நடிக்காதீரும். கண்ணாடிய ஏத்திக்கிட்டு உள்ள உக்காந்தா எப்படிக் கேக்கும்? முன்னால வந்து நின்னு கேளும்" என்று கத்திவிட்டு, பானட்டில் முஷ்டியால் ஓங்கி ஒரு குத்து விட்டார். தகடு உள்ளே அமுங்கியது. சீட்டுக்கடியில் இருந்த வீல் ஸ்பேனரை நான் எடுத்துக்கொண்டு இறங்கினேன். மனைவி ஓடி வந்து கையைப் பிடித்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அதற்குள் ஹோட்டலிலிருந்து போன் வந்தது. அந்தக் குடும்பம் வேறு வண்டியில் போய்விட்டது.

அன்று முழுக்க அமுங்கிய தகட்டைப் பார்க்கப் பார்க்க அவர் சொன்ன விசிலும் சேர்ந்தே நினைவுக்கு வந்தது. இத்தனை நாளும் நான் உள்ளே உட்கார்ந்து மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். குளிர்ந்த இன்ஜினுக்கு முன்னால் நின்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

மறுநாள் விடிந்ததும் மனைவியை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்தேன். நான் சொல்லும்போது மிதி, சொல்லும்போது விடு என்றேன். பானட்டைத் திறந்து தலையை உள்ளே நீட்டினேன். அவள் காலை எடுத்ததும் இன்ஜின் நடுங்கியது. அந்த நடுக்கத்துக்கு நடுவே, பின்பக்கத்திலிருந்து, மெல்லிய கம்பி போல ஒரு விசில். அவள் மிதித்தால் இரைச்சலில் மறைந்தது, விட்டால் வந்தது. சத்தம் வந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே போனேன். இன்ஜினுக்குள் காற்று போகும் பாதையில் சொருகியிருந்த ஒரு ரப்பர் குழாய், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் வெடித்திருந்தது. வெடிப்பின்மேல் விரலை வைத்து அழுத்தினேன். குழாய் என் விரலை உறிஞ்சிப் பிடித்தது. விசில் நின்றது, நடுக்கமும் நின்றது.

"நான் எதையும் மிதிக்கலீங்க" என்றாள் மனைவி.

விரலை எடுத்தேன், நடுங்கியது. வைத்தேன், நின்றது. குளிரில் ரப்பர் விறைத்து வெடிப்பு வாய் பிளக்கிறது, வேண்டாத காற்று உள்ளே போகிறது. சூடேறினால் ரப்பர் இளகி வாய் மூடிக்கொள்கிறது. மெக்கானிக்கின் கண்ணில் படாமல் போனது அதனால்தான். புதுக் குழாய் வாங்கப் போனபோது அவன், நானும் அதைத்தான் நினைத்தேன் என்று கூசாமல் சொன்னான். குழாயை அவனை மாட்ட விடவில்லை, நானே மாட்டினேன்.

அடுத்த காலையில் சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்தது. காலைத் தரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது பாட்டுக்கு ஓடியது. மேலே ஜன்னல் திறந்தது. அவர் முகம் தெரிந்தது. சத்தம் எங்கே என்று தேடுவதுபோல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டார்.

அவர் சொல்லித்தானே கண்டுபிடித்தீர்கள், ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று மனைவி கேட்டாள். அவர் முதலில் பானட்டைத் தட்டி நிமிர்த்தித் தரட்டும் என்றேன். அவரும் வரவில்லை, நானும் போகவில்லை.

சில வாரம் கழித்து ஹோட்டல் வாசலில் இன்னொரு டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்தான். ஃபேக்டரி முழுக்க என் வண்டிப் பேச்சுத்தானாம். மெக்கானிக்கால் முடியாததைத் தன் ஒரே குத்தில் சரிசெய்துவிட்டதாக என் பக்கத்து வீட்டுக்காரர் டீ குடிக்கும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அது உண்மையா என்று கேட்டான். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். விசில் விஷயத்தைச் சொல்லாமல் அதை விளக்க முடியாது என்று பட்டதும், அவன் குடித்துக்கொண்டிருந்த டீயைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.