பதினொன்றாம் வகுப்பில் நடத்தாமல் விட்ட பாடம்

ஒரே எடையும் ஒரே ஆரமும் உள்ள ஒரு வளையத்தையும் ஒரு தட்டையும் சரிவான பலகையின் உச்சியிலிருந்து ஒன்றாக உருட்டிவிட்டால், தட்டுதான் முதலில் கீழே வந்து சேர்கிறது. ஏன்? விடைத்தாளில் எந்த வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஏன் என்று மட்டும் இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

மருத்துவம் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. மரக்காணத்தை ஒட்டிய மீனவக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டு, மூன்று வயதுப் பெண்ணுக்குத் தாயான பிறகும் அது போகவில்லை. நுழைவுத்தேர்வுக்கு வயது வரம்பு இல்லை என்று தெரிந்ததும், ஒரு வருடம் படித்துப் பார் என்று கணவரும் மாமியாரும் சொன்னார்கள். புதுச்சேரியில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன்.

உயிரியல் எனக்குக் கஷ்டமாக இல்லை. வேதியியலை மனப்பாடம் செய்து சமாளித்தேன். இயற்பியல்தான் சுவர். உப்பளங்களைத் தாண்டி நான் படித்த பள்ளியில் இயற்பியல் ஆசிரியரே கிடையாது. விலங்கியல் ஆசிரியை புத்தகத்தைத் திறந்து வாசிப்பார். சுழலும் பொருள்களைப் பற்றிய பாடம் வந்தபோது பக்கங்களை மொத்தமாகப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் பிளஸ் ஒன் பாடம்மா. பப்ளிக்ல வராது. விட்டுடுங்க" என்றார். அப்போது பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை. ஒரு பாடம் குறைந்ததென்று வகுப்பே சிரித்தது. நுழைவுத்தேர்வில் பாதிக் கேள்விகள் அந்த வகுப்புப் புத்தகத்திலிருந்துதான் வரும் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

பயிற்சி மையத்தில் அந்தப் பாடம் ஒரே காலையில் முடிந்தது. நான் எழுந்து, "சார், தட்டு ஏன் முதல்ல வருது?" என்று கேட்டேன்.

"ஃபார்முலா இருக்குது இல்லம்மா? போட்டா ஆன்சர் வருது. ஏன் எதுக்குன்னு கேட்டுக்கினு இருந்தா நான் எப்ப போர்ஷன் முடிக்கிறது?"

பின்னால் இருந்த பையன் ஒருவன், "அக்கா, நீங்க முடிக்கிறதுக்குள்ள உங்க பாப்பா டாக்டராயிடும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். பேருந்தில் ஏறிய பிறகுதான் உடம்பெல்லாம் எரிந்தது.

குழந்தைக்குக் காய்ச்சல் என்று வருகிறவளுக்கு மருந்து எழுதித்தரத் தட்டை எதற்கு உருட்ட வேண்டும்? இப்படிக் கோபப்படுவேன். உடனே சந்தேகம் வரும். எக்ஸ்ரேயும் இயற்பியல்தானே, ரத்தம் ஓடுவதும் இயற்பியல்தானே, தேவையில்லை என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? பாடம் கடினமாக இருக்கட்டும். கற்றுத் தராமலே, கற்கவில்லை என்று கழித்துக்கட்டுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இதில் நாங்களாகச் செய்த தப்பும் ஒன்று உண்டு. என் கணவர் விசைப்படகில் போகிறவர். கோடையில் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கடலுக்குப் போகாது. தேர்வும் அந்த நாட்களில்தான். "தடைக்காலத்துல நான் வூட்லதான இருக்கப்போறேன்? பாப்பாவ நான் பாத்துக்கறேன். நீ பிசிக்ஸ அப்ப வெச்சிக்கோ" என்றார். நானும் நம்பி, கடினமான பாடங்களையெல்லாம் அந்த வாரங்களுக்குத் தள்ளிவைத்தேன்.

ஆம்பிளைகள் கரையில் இருக்கும்போதுதான் எங்கள் குப்பத்தில் கல்யாணமும் காதுகுத்தும் நடக்கும் என்பது இருவருக்கும் தெரியாததல்ல. ஆனாலும் மறந்துபோனோம். அவர் பகலெல்லாம் துறைமுகத்தில் படகின் இன்ஜின் வேலையில் இருந்தார். வீட்டுக்கு ஒரே மருமகள் என்பதால் விசேஷங்களில் நான் நிற்க வேண்டியிருந்தது.

"இன்னா டாக்டரம்மா, நலங்குக்கு வரதுக்கு உங்கிட்ட டோக்கன் வாங்கணுமா?" என்றாள் நாத்தனார்.

"தலைய காட்டிட்டு வந்துடும்மா. நாளைக்கு நம்ம வூட்டுக்கு யாரு வருவா?" என்றார் மாமியார்.

போனேன். போகாமல் இருந்திருக்கலாமோ என்று இன்றும் யோசிக்கிறேன். போகாமல் இருந்திருந்தால் அதையும் யோசித்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

தேர்வில் உயிரியலை வேகமாக முடித்தேன். இயற்பியலில் பெரும்பாலும் வெற்று வட்டங்கள். மதிப்பெண் போதவில்லை.

"இன்னொரு தபா எழுதறியா?" என்று கணவர் கேட்டார்.

"தெரியல மாமா."

"கோவமா?"

"ஆமா."

"எம்மேலயா?"

"அதுவும் தெரியல."

இப்போது ஒரு செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் சேர வேண்டும். "நர்சம்மாவும் ஊசிதான் போடுது, டாக்டரும் ஊசிதான் போடுறாரு" என்கிறார் மாமியார். செவிலியர் வேலையை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் சேர்ந்துவிட்டால் மறுபடி இந்தத் தேர்வை எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும். சேராவிட்டால், இடம் கிடைக்குமா என்றே தெரியாமல் இன்னொரு வருடம் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் பேருந்து ஏற வேண்டும். அவள் பள்ளியில் சேரும் வருடம் அது.

என்னைப் போல இயற்பியல் ஆசிரியர் இல்லாத பள்ளியில் படித்து, பிறகு அந்தப் பாடத்தை எட்டிப்பிடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். எங்கிருந்து ஆரம்பித்தீர்கள்? யார் சொல்லித் தந்தார்கள்? சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரே வருடத்தில் அது முடியுமா? முடியாதென்றால் அதையும் நேராகச் சொல்லிவிடுங்கள், சேர்ந்துவிடுகிறேன். ஆறுதல் வேண்டாம். அது இங்கே நிறையக் கிடைக்கிறது.