ஒட்டுப்போட்ட மிளகாய்

மிளகாயைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார் பஞ்சர்க்காரர். வந்தது. காம்புக்கு ஒரு விரற்கடை கீழே கடுகளவில் ஒன்று. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. "இங்கதான் போகுது" என்று அந்த மிளகாயிடமே சொல்லிவிட்டு, இடத்தை நகத்தால் கீறி அடையாளம் வைத்தார். துண்டால் ஒற்றி, தனித் தட்டில் படுக்கவைத்தார். அந்தத் தட்டில் ஏற்கெனவே ஏழு பேர் சிகிச்சைக்குக் காத்திருந்தார்கள்.

வாரத்தில் ஆறு நாள், தெரு வளைவில் இருக்கும் கடையில், கறுத்த தண்ணீர்த் தொட்டிக்குள் டியூபைச் சுற்றிச் சுற்றி அமுக்கிப் பார்க்கிற கை அது. ஏழாவது நாள் வீட்டில் சும்மா இருக்கச் சொன்னால் அதற்குப் புரியாது. இருபத்தாறு வருடமாக அந்தக் கைக்குத் தெரிந்த ஒரே எதிரி ஓட்டை. குழாய் சொட்டினால் சாப்பாட்டின் நடுவில் எழுந்து போவார். யாராவது பெருமூச்சு விட்டால்கூட எங்கே கசிகிறது என்று திரும்பிப் பார்ப்பார்.

இந்தப் பலகாரம் அவர் வாழ்க்கைக்குள் வந்ததே ஒரு டயர் வழியாகத்தான். சரக்கு வேன் ஓட்டும் அம்மா ஒருத்தர், சக்கரம் கழற்றும் நேரத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து இவருக்கும் ஒன்று நீட்டினார். வெளியே மொறுமொறுப்பு, அடுத்து காரம், அதற்குள் சீஸ். கடித்து இழுத்தால் வாய்க்கும் கைக்கும் நடுவில் கயிறு கட்டியதுபோல நீண்டது. வேறு யாராக இருந்தாலும் பெயர் என்ன என்று கேட்டிருப்பார்கள். இவர் மீதிப் பாதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ள எப்படிங்க போச்சு?" என்று கேட்டார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, பக்கத்தில் கிடந்த பழைய டயரில் சாக்பீஸால் செய்முறையை எழுதிக் கொடுத்தார். அன்று அந்த டயரைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். எழுத்து அழிந்துவிடக் கூடாதே என்று வழியெல்லாம் ஒருக்களித்தபடி நடந்தாராம்.

அது முதல் ஞாயிறு என்றால் மிளகாய்தான். முதலில் நகப் பரிசோதனை. மனைவி ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருப்பவர். பத்து விரலையும் நீட்டச் சொல்லி, ரப்பர் பசை வாடை போய்விட்டதா என்று பார்த்த பிறகுதான் "ம், அடுத்தது" என்பார். அதற்கப்புறம் தடித்த பச்சை மிளகாய்களை நெடுக்கில் கீறி, தேக்கரண்டியின் காம்பால் விதையைச் சுரண்டி எடுப்பார். துருவிய சீஸில் நசுக்கிய பூண்டு, மிளகுத்தூள், போதாததற்கு மிளகாய்த்தூள். மிளகாய்க்குள் மிளகாய்த்தூள் எதற்கு என்று கேட்டால், "வெளியில இருக்கற காரத்துக்கு உள்ள ஒரு துணை வேணாமா?" என்பார். அடைத்து, வாயை மூடி, பல்குச்சியால் தைத்ததும் தண்ணீர்ச் சோதனை.

சோதனையில் தோற்றவர்களுக்கு ஒட்டு. துருவியின் ஓரத்தால் தோலைக் கொஞ்சம் சொரசொரப்பாக்கி, வேறொரு மிளகாயிலிருந்து வட்டமாக ஒரு துண்டு வெட்டி, மாவும் முட்டையும் குழைத்த பசை தடவி ஒட்டி, முப்பது எண்ணும்வரை கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே நிற்பார். பிறகு மாவு, முட்டை, ரொட்டித்தூள், மறுபடி முட்டை, மறுபடி ரொட்டித்தூள். விருந்தாளி யாராவது வந்தால் அவர்களுக்கு ஒட்டுப்போடாதது, வீட்டாருக்கு ஒட்டுப்போட்டது. தவறிப்போய் ஒட்டுப்போட்டதை வாங்கிய ஒரு விருந்தாளி, மேலே வட்டமாக என்னவோ அலங்காரம் செய்திருக்கிறார்கள் என்று மெச்சிவிட்டுப் போனார்.

இத்தனை கட்டுக்காவலையும் மீறித்தான் மூன்று வாரத்துக்கு முன்னால் அது நடந்தது.

பொரிக்கும்போது அடுப்புக்குப் பக்கத்தில், அவர் இடது தோளை ஒட்டி, மனைவி நிற்பது வழக்கம். தட்டுக்கு வரும்வரை பொறுக்க மாட்டார். ஜல்லிக் கரண்டியிலிருந்தே முதல் மிளகாயை எடுத்து, இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றி ஊதி, நின்றபடியே தின்றுவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். "உப்பு பத்தல." "இது கொஞ்சம் அழுதுடும் போல இருக்கு, இன்னும் ஒரு நிமிஷம் விடுங்க." அந்த ஞாயிறு, வாணலிக்குள் பதவிசாக மிதந்துகொண்டிருந்த ஒன்று படார் என்று வெடித்தது. கூரையில் ஒரு சொட்டு, அவர் புருவத்தில் ஒரு சொட்டு, மனைவியின் முன்கையில் ஒரு சொட்டு. உருகிய சீஸ் பட்ட இடத்தை விட்டு நகராது. சட்டைப் பொத்தான் அளவுக்குக் கொப்புளம்.

"ஒன்னுமில்ல, விடுங்க" என்றார் மனைவி. திட்டியிருந்தால் இவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அடுத்த ஞாயிறு மனைவி ஒரு நாற்காலியை இழுத்துப் போய்ச் சமையலறை வாசலுக்கு வெளியே போட்டு உட்கார்ந்துகொண்டார். "இங்கிருந்தே நல்லாத்தான் தெரியுது." மிளகாய் தட்டில் ஆறிப்போய் அவரிடம் போய்ச் சேரும். இரண்டு தின்பார். "நல்லா இருக்கு" என்பார். ஆஸ்பத்திரியில் "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்கிற அதே குரல்.

அடுப்பிலிருந்து அந்த நாற்காலிக்கு ஏழு அடி. பஞ்சர்க்காரர் அளந்து பார்த்திருந்தார்.

மன்னிப்புக் கேட்பது அவருக்குத் தெரியாத வேலை. தெரிந்த வேலை அடைப்பதுதான். ஆகவே இன்னும் இறுக்கி அடைத்தார். ஒரு பல்குச்சி இருந்த இடத்தில் மூன்று. ஒட்டுக்கு மேல் ஒட்டு. ஒரு குமிழி தப்பித்துப் போகக் கூடாது. அடைக்க அடைக்க வெடிப்பும் கூடியது. முதல் வாரம் ஒன்று வெடித்தது. போன வாரம் மூன்று.

இந்த ஞாயிறு அவர் கையில் வேறொரு யோசனையும் இருந்தது. காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்து மனைவி மடியில் வைத்தார். பிரித்தால் ஹெல்மெட். முகத்தை முழுக்க மூடுகிற ரகம், சிவப்பு நிறம். "இத போட்டுக்கிட்டா பக்கத்துல நிக்கலாம்ல" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. மனைவி அதைத் திருப்பிப் பார்த்தார், தலையில் மாட்டினார், கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். எழுந்திருக்கவில்லை. அதே நாற்காலியில் ஹெல்மெட்டும் தானுமாக உட்கார்ந்திருந்தார்.

வாரம் தவறாமல் மிளகாய் தின்ன வரும் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, ஃபிரிட்ஜ் மெக்கானிக். அவனுக்கு இந்தக் காட்சி போதாதா? "மாமா, அக்கா எந்த ரேஸுக்குப் போறாங்க?" என்று ஆரம்பித்தவன் ஓயவே இல்லை. முதல் ஈட்டை எண்ணெயில் இறக்குகிற நேரம் பார்த்து, ஒரு காகிதப் பையை ஊதி, அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஓங்கி அடித்தான்.

சத்தத்தில் பஞ்சர்க்காரர் கரண்டியைப் போட்டார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சிரிப்புக் கேட்டது. மச்சினனும் சிரித்தான். ஆனால் பஞ்சர்க்காரர் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை, ஹெல்மெட்டுக்குள் முகம்தான் தெரியவில்லையே. கையைப் பார்த்தார். மனைவியின் வலது கை, இடது முன்கையில் அந்தப் பொத்தான் அளவு இடத்தை இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தது. சிரிப்பு நின்ற பிறகும் எடுக்கவில்லை.

மச்சினனும் அதைப் பார்த்திருக்க வேண்டும். காகிதப் பையைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அன்று நல்ல பிள்ளையாகத் தட்டெல்லாம் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனான்.

புதன்கிழமை மதியம். கண்ணாடிக் கடைக்காரர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின் டயர் வாய் பிளந்து கிடந்தது. பஞ்சர்க்காரருக்கு டயரை இப்படி வெடிக்கவிடுகிறவர்களைக் கண்டால் ஆகாது.

"வெயில்ல நிறுத்தினீங்களா?"

"ஆமா."

"காத்து முழுசா அடிச்சிருந்துச்சா? எவன் அடிச்சான்?"

"நேத்து நீங்கதான் அடிச்சீங்க."

அதெல்லாம் அவரை நிறுத்தாது. கோடை வந்தால் ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது சொல்கிற பாடத்தை ஆரம்பித்தார். "சூடானா உள்ள இருக்கற காத்து உப்பும்ங்க. வெளிய போக வழி வேணும். வழி இல்லன்னா அது என்ன செய்யும், இருக்கற இடத்த கிழிச்சுக்கிட்டு..."

அத்துடன் நின்றுவிட்டார். டயர் கையில் இருந்தது. வாய் திறந்தபடி இருந்தது.

"கிழிச்சுக்கிட்டு?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"மிளகா" என்றார் பஞ்சர்க்காரர்.

பள்ளிக்கூடத்து அறிவியல் புத்தகத்தில் இதற்கு ஒரு படமே உண்டு. அந்தப் பக்கத்துக்கு வரும்போது எல்லோரும் படத்தில் இருக்கிறவருக்கு மீசை வரைந்துகொண்டிருப்பார்கள் என்பதால் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. பஞ்சர்க்காரருக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. வாரம் முழுக்க ஊருக்கே சொன்னதைத் தான் மட்டும் கேட்காமல் விட்டுவிட்டோமே என்று, டயர் மாற்றிய நேரமெல்லாம் தலையில் தட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கடைக்காரர் அது தன்னைப் பற்றிய வருத்தம் என்று நினைத்து, பரவாயில்லை விடுங்கள் என்று தேற்றிவிட்டுப் போனார்.

தெரிந்துகொண்டது ஒன்று, செய்வது வேறு. அடுத்த ஞாயிறு, மனைவியின் தையல் டப்பாவிலிருந்து ஊசியை எடுத்து, கொதிநீரில் போட்டுத் துடைத்து, முதல் மிளகாயின் முன்னால் நின்றார். தேர்ந்த மிளகாய். தண்ணீரில் ஒரு குமிழி விடாதது. ரொட்டித்தூள் போர்த்திக்கொண்டு சமர்த்தாகக் கிடந்தது. இதில் போய் ஓட்டை போடுவதா? ஊசியைக் கொண்டுபோனார், கை வரவில்லை. இந்தப் பக்கம் திருப்பினார், வரவில்லை. தன் பிள்ளைக்குத் தானே ஊசி போட வேண்டிவந்த டாக்டர் மாதிரி முகம் வியர்த்துவிட்டது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, காம்புப் பக்கமாக ஒரு குத்து. "மன்னிச்சுக்கோ" என்று முணுமுணுத்தார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து, பக்கத்தில் தட்டோடு காத்திருந்த மச்சினன் கேட்டதில்லை. பிரமித்துப்போய்த் தட்டைக் கீழே வைத்தான்.

மிளகாய் எண்ணெயில் இறங்கியது. ஊசி குத்திய இடத்திலிருந்து சின்னச் சின்னக் குமிழியாக ஒரு சரம் கிளம்பி, கொஞ்ச நேரம் ஓடி, ஓய்ந்தது. அவ்வளவுதான். பொன்னிறமாகச் சிவந்து ஒரு முறை புரண்டது. அடுத்தது. அதற்கடுத்தது. குமிழியைக் கண்டு பஞ்சர்க்காரர் சிரிப்பதை வாழ்க்கையில் முதல் தடவையாக மச்சினன் பார்த்தான்.

வாசலிலிருந்து குரல் வந்தது. "என்ன இன்னிக்கு சத்தத்தையே காணோம்?"

"ஓட்டை போட்டுட்டேன்" என்றார், திரும்பாமல்.

நாற்காலியில் ஹெல்மெட்டின் கண்ணாடி மேலே ஏறியது. "அது வழியா சீஸ் வராதா?"

"காத்து போற அளவுதான். சீஸுக்கு அங்க வேலை இல்ல." பிறகு, எண்ணெயிடம் சொல்வதுபோல, "நான்தான் மூச்சு விட இடம் குடுக்காம அடைச்சுட்டு இருந்தேன். உனக்குப் பட்டது என்னாலதான்" என்றார்.

ஹெல்மெட்டைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. மச்சினன் தட்டை எடுத்துக்கொண்டு வழியை விட்டு நகர்ந்தான்.

மனைவி சமையலறைக்குள் வந்தார். நேராக அடுப்புக்கு வரவில்லை. மேடையின் கோடியில் நின்று, வரிசையாகப் படுத்திருந்தவர்களைப் பார்த்தார். கணவர் குத்தியதில் ஒன்று கோணல், ஒன்று இரண்டு தடவை குத்தியது, ஒன்று பல்குச்சிமேலேயே குத்தியது.

"உங்களுக்குக் குத்த வரல. குடுங்க."

ஊசியை வாங்கிக்கொண்டார். டோக்கன் கிழிக்கிற வேகத்தில், காம்புப் பக்கம் ஒரே குத்து. "அடுத்தது." குத்து. "அடுத்தது." அவர் எடுத்து எடுத்து எண்ணெயில் விட்டார். ஒவ்வொரு மிளகாய்க்கும் மனைவி அரையடி நகர்ந்திருக்க வேண்டும். பத்தாவதோ பதினொன்றாவதோ குத்தும்போது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஜல்லிக் கரண்டி மேலே வந்ததும் ஒன்றை எடுத்து, ஊதியும் ஊதாமலும் பாதியைக் கடித்தார்.

இந்த வாரம் மிளகாய்த்தூள் கொஞ்சம் தாராளம். காரம் உச்சந்தலைக்குப் போனது. கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். ஒரு கையில் ஊசி, மறு கையில் சீஸ் வடிகிற மீதிப் பாதி, இரண்டு கையிலும் முழங்கைவரை ரொட்டித்தூள். துடைக்க எதுவும் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மனைவி அவருடைய சட்டைத் தோளில் முகத்தைப் பதித்து, கண்ணையும் மூக்கையும் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

பஞ்சர்க்காரர் வாணலியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மனைவிக்கு எட்டும்படி தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தார்.