வெள்ளிக்கிழமை எண்ணெய்

திரி கருகும் வாசனை வந்தால் இந்தத் தள்ளாத வயதிலும் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. இன்றும் சாப்பாட்டை விட்டெழுந்து சாமி மேடைக்கு ஓடினேன்.

ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவின் காஜா பெராங்கில் எங்கள் அத்தாப்பு ஓலை வீட்டில், தேங்காயெண்ணெய் வெள்ளிக்கிழமை விளக்குக்கு மட்டும்தான். அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோயிருந்தார்கள். விளக்கு எரிந்தால் அவர் உயிருக்கு ஒன்றும் ஆகாது என்று அம்மா நம்பினாள்.

ஒரு வெள்ளி சாயங்காலம் விளக்கை ஏற்றிவிட்டு அம்மா கிணற்றடிக்குப் போனாள். தலையெல்லாம் சிரங்கோடு தம்பி கத்திக்கொண்டே இருந்தான். எனக்கு ஏழு வயது. சாமிக்குப் பாதி போதும் என்று நினைத்து, விளக்கிலிருந்த எண்ணெயை விரலால் வழித்து வழித்து அவன் தலையில் தடவினேன். தூங்கிவிட்டான்.

அம்மா குடத்தோடு வந்தபோது திரி புகைந்துகொண்டிருந்தது.

"ஐயோ, வெளக்கு நின்னுபோச்சே! ஒங்கப்பாவுக்கு என்னமோ ஆயிருச்சு!"

பிசுபிசுத்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அம்மா வெள்ளிக்கிழமைகளில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவள் பங்கு மரவள்ளிக்கிழங்கு என் தட்டுக்கு வந்தது. தின்றேன். அப்பா எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். விரதம்தான் அவரைக் கொண்டுவந்தது என்று அம்மா சாகும்வரை அதை விடவில்லை.

இன்று மகள் என் பின்னாலேயே சாமி மேடைக்கு வந்தாள். "ஏம்மா இப்படிப் பதறுறீங்க? எண்ணெதான் தீந்துபோச்சு."

அம்மாவிடம் நான் சொல்லாமலே விட்ட வரி அதுதான்.